லாம்ப்ரெட்டாவுக்கு ஒரு மேக்னட்

போன ஆவணி மாதம் ஒரு ராத்திரி பத்து மணிக்கு அப்பாவிடமிருந்து போன். எங்கள் வீட்டில் எட்டரைக்கு மேல் போன் வந்தால் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று அர்த்தம். பதறிப்போய் எடுத்தேன்.

"மக்கா, நீ லக்னோவிலதானே இருக்கே?"

இரண்டு வருஷமாக இங்கேதான் இருக்கிறேன். மாற்றல் உத்தரவு வந்த அன்று அழுத அம்மாவைச் சமாதானப்படுத்தியதே அவர்தான்.

"ஆமாப்பா. என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல்ல. லாம்ப்ரெட்டாவுக்கு ஒரு மேக்னட் வேணும். அங்கதானே அதுக்க பாக்டரி. பாத்து வாங்கிட்டு வா."

அந்த பாக்டரியை மூட மத்திய அமைச்சரவை 2021 ஜனவரியிலேயே ஒப்புதல் கொடுத்துவிட்டது என்று சொல்ல வாய் எடுத்தேன். சொல்லவில்லை. எழுபத்தெட்டு வயசு மனுஷர். "பாக்கறேன்ப்பா" என்று வைத்துவிட்டேன். பார்க்கப் போன கதையும், அதில் நான் தெரிந்துகொண்ட சரித்திரமும்தான் இது. மெக்கானிக்கல் சமாச்சாரத்தில் நான் கத்துக்குட்டி. படித்தது பி.காம்., பிழைப்பு வங்கியில். தப்பு இருந்தால் விஷயம் தெரிந்தவர்கள் திருத்துங்கள்.

முதலில் வண்டியைப் பற்றி. ஆரியசாலை தெரியாதவர்களுக்கு: திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையிலிருந்து சாலைக் கடைத்தெரு வழியாகக் கிள்ளிப்பாலம் பக்கம் நடந்தால் வரும் இடம். சாலைக் கடைத்தெருவைப் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் உண்டாக்கியவர் திவான் ராஜா கேசவதாஸ். மலையாள ஊருக்கு நடுவில் தமிழ் கேட்கும் தெரு அது. மஞ்சள், மிளகாய் வத்தல், வெல்லம், பாத்திரம் என்று மொத்த வியாபாரத்தில் பாதிப்பேர் தெற்கேயிருந்து வந்தவர்கள். அப்பாவும் கோட்டாறிலிருந்து வந்து ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் கணக்கு எழுத உட்கார்ந்தவர். 1956 நவம்பர் 1-ஆம் தேதி கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு போனபிறகு, எங்கள் சொந்தக்காரர்கள் ஒருபக்கமும் சோறு ஒருபக்கமுமாக ஆனது. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்வர ஒரு வண்டி வேண்டும். 1979-ல் ஒரு அரசு அதிகாரியிடமிருந்து பழைய லாம்ப்ரெட்டா ஒன்றை வாங்கினார். நான் பிறந்தது அடுத்த வருஷம். ஆக எங்கள் வீட்டில் எனக்கு அது அண்ணன்.

இப்போதெல்லாம் இத்தாலி வண்டி என்றால் பையன்களுக்கு டுகாட்டிதான். எங்கள் கிளைக்கு ஒரு பையன் டுகாட்டிக்குக் கடன் கேட்டு வந்தான். பேச்சுவாக்கில் அதன் எஞ்சின் சங்கதியைச் சொன்னான். மற்ற எஞ்சின்களில் வால்வை மூட ஸ்பிரிங் இருக்கும். டுகாட்டியில் திறக்க ஒரு நெம்பு, மூட ஒரு நெம்பு. தாலியோனி என்ற பொறியாளர் 1956-ல் பந்தய வண்டிக்காகச் செய்த ஏற்பாடு. அதனால் ஒவ்வொரு வால்வுக்கும் திறக்கும் பக்கம் ஒரு இடைவெளி, மூடும் பக்கம் ஒரு இடைவெளி, இரண்டையும் மெல்லிய தகட்டு வளையம் மாற்றி மாற்றிச் சரிசெய்ய வேண்டும். "சர்வீஸ் செலவு ஆளை அடிச்சிடும் சார்" என்றான், பெருமையாக. கடன் மனுவில் மாதச் செலவு பத்தியில் அதை அவன் எழுதவில்லை என்பது வேறு விஷயம் :-)

ஆனால் இத்தாலியின் வேக வண்டி நம் ஊர்த் தெருவுக்கு டுகாட்டிக்கு ஐம்பது அறுபது வருஷம் முன்பே வந்துவிட்டது. நாம்தான் அதைக் காய்கறி வாங்கப் பயன்படுத்தினோம்.

பெர்டினாண்டோ இன்னொசென்டி என்று ஒரு எஃகுக் குழாய் முதலாளி. மிலான் நகரத்தின் ஓரம் லாம்ப்ராத்தே என்ற இடத்தில் அவர் தொழிற்சாலை. யுத்தத்தில் குண்டு விழுந்து நாசமானது. யுத்தம் முடிந்தபிறகு ஜனங்களுக்கு வேண்டியது மலிவான ஒரு வண்டி என்று கணக்குப் போட்டார். இதே கணக்கை இன்னொரு பக்கம் விமானம் செய்துகொண்டிருந்த பியாஜ்ஜியோவும் போட்டது. அவர்கள் 1946-ல் வெஸ்பாவை இறக்கினார்கள். இவர் 1947-ல் லாம்ப்ரெட்டாவை இறக்கினார். ஊர்ப் பெயரே வண்டிக்குப் பெயர்.

இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும். உள்ளே வேறு. வெஸ்பாவில் தகட்டை அழுத்தி வளைத்த உடம்பே சட்டம். எஞ்சின் வலப்பக்கம் தொங்கும். (பஜாஜ் ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்யுமுன் இடப்பக்கம் சாய்த்து ஆட்டுவோமே, ஞாபகம் இருக்கிறதா?) லாம்ப்ரெட்டாவில் நடுவில் ஒரு தடித்த குழாய்ச் சட்டம், குழாய் வியாபாரி அல்லவா! எஞ்சின் நடுவில் படுத்திருக்கும். எடை இரண்டு பக்கமும் சமம். அப்பா இன்றைக்கும் கையை விட்டு ஓட்டிக் காட்டுவேன் என்று மிரட்டுவது இந்த தைரியத்தில்தான்.

வேகத்துக்கும் குறைச்சல் இல்லை. 1951-ல் ரோமோலோ பெர்ரி என்பவர் 125 சி.சி. லாம்ப்ரெட்டா ஒன்றை, மீன் மாதிரி ஒரு கூட்டுக்குள் அடைத்து, ஜெர்மனியின் நெடுஞ்சாலையில் மணிக்கு 201 கிலோமீட்டர் ஓட்டினார். அதே வருஷம் இன்னொசென்டி 250 சி.சி.யில் இரட்டை சிலிண்டர் பந்தய மோட்டார் சைக்கிளே ஒன்று செய்து காட்டினார்கள். பிறகு 1962-ல் முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் வைத்த ஸ்கூட்டர். விற்பனைக்கு வந்த ஸ்கூட்டர்களில் அதுதான் முதல். 1969-ல் கடைசி வரிசை: கார்களுக்கு உடல் வரையும் பெர்தோனே கம்பெனி வரைந்த கூர்மையான முகம். இத்தாலியில் டி.எல். என்றும் இங்கிலாந்தில் கிராண்ட் பிரீ என்பதைச் சுருக்கி ஜி.பி. என்றும் விற்றார்கள். அதில் 200 சி.சி. வண்டி அக்காலத்தில் பெரிய வேகக்காரன். இங்கிலாந்துப் பையன்கள் அதை இன்னும் பந்தயத்தில் ஓட்டுகிறார்கள்.

பந்தயம் ஜெயித்து என்ன, வியாபாரம் படுத்துவிட்டது. இத்தாலியர்கள் சின்ன பியட் காருக்கு மாறிவிட்டார்கள். இன்னொசென்டியும் 1966-ல் போய்ச் சேர்ந்தார். 1971-ல் மிலானில் லாம்ப்ரெட்டா நின்றது.

இனி நம் கதை. லாம்ப்ரெட்டா இந்தியாவுக்கு இரண்டு தடவை வந்தது. இதைப் புரிந்துகொள்ளாமல் ஸ்பேர் வாங்கப் போனால் என் மாதிரி முட்டாளாவீர்கள்.

முதல் தடவை பம்பாய்க்கு. ஆட்டோமொபைல் புராடக்ட்ஸ் ஆப் இந்தியா, சுருக்கமாக ஏ.பி.ஐ. 1949-ல் இங்கிலாந்தின் ரூட்ஸ் கம்பெனி ஆரம்பித்தது. பிறகு அதை வாங்கியவர் நம் ஆள்: எம்.ஏ. சிதம்பரம். செட்டிநாட்டு ராஜா குடும்பம். சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்துக்கு இருக்கிற பெயர் அவருடையதுதான். ஐம்பதுகளின் நடுவில் இத்தாலியிலிருந்து வந்த பாகங்களைப் பூட்டி விற்க ஆரம்பித்து, பிறகு 'எல்.ஐ. 150' இரண்டாம் வரிசை வண்டியை இங்கேயே செய்தார்கள். எங்கள் வீட்டு 'அண்ணன்' அந்த வகை. ஹெட்லைட் ஹேண்டிலோடு சேர்ந்து திரும்பினால் இரண்டாம் வரிசை. முன்பக்கத் தகட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தால் முதல் வரிசை. 175 சி.சி.யில் ஒரு வண்டி விட்டார்கள், பெயர் மேக் 175. எம்.ஏ.சி. என்ற எழுத்துகள் யாருடையவை என்று நான் சொல்ல வேண்டாம். அதே எஞ்சினை வைத்து மூன்று சக்கர வண்டியும் செய்தார்கள். எழுபதுகளில் தம்பானூர் ஸ்டாண்டில் நின்ற ஆட்டோக்களில் லாம்ப்ரெட்டாவும் உண்டு என்பார் அப்பா. சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாமாம்.

அந்தக் காலத்தில் ஸ்கூட்டர் வாங்குவது நினைத்தபடி நடக்கிற காரியமில்லை. விலையும் பங்கீடும் அரசாங்கக் கட்டுப்பாட்டில். பெயரைப் பதிந்து, முன்பணம் கட்டி, வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பஜாஜுக்குப் பத்து வருஷம் என்று பேச்சு. வெளிநாட்டிலிருந்து டாலர் அனுப்ப ஒரு மச்சான் இருந்தால் வரிசையைத் தாண்டலாம். கையில் கிடைத்த வண்டியை அன்றே விற்றால் கூடுதல் பணம். எங்கள் வணிகவியல் வாத்தியார் தேவை, அளிப்பு பாடத்தை ஸ்கூட்டரை வைத்துத்தான் நடத்தினார். தேய்மானம் என்று ஒரு பாடம் இருக்கிறதே, சொத்தின் மதிப்பு வருஷா வருஷம் குறையும் என்று? அந்தப் பாடத்துக்கு மட்டும் ஸ்கூட்டரை உதாரணம் சொல்லமாட்டார். பழைய வண்டி புது வண்டியை விட விலை கூடி விற்ற நாடு இது.

இந்தப் பசியைப் பார்த்துத்தான் அரசாங்கமே கடைவிரிக்க வந்தது. வங்கிகள் 1969-ல் தேசியமயமான சூடு ஆறாத காலம். (எனக்குச் சம்பளம் வருவதும் அந்தச் சூட்டில்தான்.) மிலானில் படுத்துக்கிடந்த லாம்ப்ரெட்டாவின் இயந்திரங்கள், வரைபடங்கள், காகிதங்கள், பெயர் உட்பட விலைக்கு வாங்கினார்கள். 1972-ல் ஸ்கூட்டர்ஸ் இந்தியா லிமிடெட் லக்னோவில் பதிவானது. கான்பூர் ரோட்டில் சரோஜினி நகரில் தொழிற்சாலை. 1975-லிருந்து வண்டி வெளியே வந்தது. உள்நாட்டுக்கு விஜய் டீலக்ஸ், விஜய் சூப்பர். வெளிநாட்டுக்கு லாம்ப்ரெட்டா என்ற பெயரிலேயே. பெர்தோனே வரைந்த அந்த ஜி.பி. 150 லக்னோவிலிருந்து இங்கிலாந்துக்குப் போனது. பம்பாய்க்காரர்கள் பெயரை விட்டுக்கொடுக்க வேண்டி வந்து, தங்கள் வண்டியை 'லாம்பி' என்று கூப்பிட்டார்கள். ஒரே வம்சம், இரண்டு பங்காளி.

எண்பதுகளில் இன்னொரு வேடிக்கை. லக்னோவிலிருந்து எண்பது கிலோமீட்டரில் கான்பூர். அங்கே எல்.எம்.எல். பியாஜ்ஜியோவோடு கூட்டுச் சேர்ந்து வெஸ்பா செய்ய ஆரம்பித்தது. இத்தாலியில் இன்னொசென்டிக்கும் பியாஜ்ஜியோவுக்கும் இருந்த போட்டி அப்படியே கங்கைக்கரைக்கு வந்து, ஒரே நெடுஞ்சாலையின் இரண்டு முனையில் உட்கார்ந்துகொண்டது. இந்த ரோட்டில் ஆய்வு வேலைக்காக மாதம் இரண்டு தடவை போகிறேன். டிரைவரிடம் இதைச் சொன்னேன். "அப்படியா சாப்" என்று வெற்றிலையைத் துப்பினார்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். டி.வி.எஸ். சுசுகி, ஹீரோ ஹோண்டா, கைனடிக் ஹோண்டா என்று ஜப்பான் வந்தது. பட்டனைத் தட்டினால் ஓடும் வண்டி வந்தபிறகு கிளட்ச் பிடித்து மணிக்கட்டைத் திருகும் வண்டி யாருக்கு வேண்டும்? 1997-ஓடு லக்னோவில் இருசக்கர வண்டி நின்றது. விக்ரம் என்ற மூன்று சக்கர வண்டி மட்டும் ஓடியது. லக்னோவில் எட்டுப்பத்துப் பேரைத் திணித்துக்கொண்டு புகை கக்கிய டெம்போ அதுதான். கம்பெனி நலிந்த நிறுவனம் ஆகி, விற்கப் பார்த்து, யாரும் வாங்காமல், கடைசியில் மூட முடிவு.

வங்கிக்காரன் கண்ணோடு பார்த்தால் இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை, கணக்கை முடித்துவிடலாம். ஆனால் ஸ்பேர் பார்ட்ஸ் தேடப்போனபோது எனக்கு ஒரு வழக்கு அகப்பட்டது. அதைப் படித்துவிட்டு ஒரு ராத்திரி தூங்கவில்லை. மனைவிக்குச் சிரிப்பு.

ஐரோப்பாவில் லாம்ப்ரெட்டா என்ற பெயர் வாகனங்களுக்கான வர்த்தகக்குறியாக ஸ்கூட்டர்ஸ் இந்தியாவின் பெயரில் பதிவாகியிருந்தது. 2007-ல் ஒரு டச்சுக் கம்பெனி ஐரோப்பிய வர்த்தகக்குறி அலுவலகத்தில் மனுப்போட்டது. ஐந்து வருஷம் ஒரு பெயரை உண்மையாகப் பயன்படுத்தாவிட்டால் உரிமை போய்விடும் என்பது சட்டம். இவர்கள் வண்டியே விற்கவில்லை, ரத்து செய்யுங்கள் என்றது. லக்னோக்காரர்கள் பதில்: வண்டி விற்கவில்லைதான், ஆனால் பழைய லாம்ப்ரெட்டாக்களுக்கு ஸ்பேர் விற்றுக்கொண்டிருக்கிறோமே? அலுவலகம் ஒப்புக்கொள்ளவில்லை. பதிவில் 'வாகனங்கள்' என்றுதானே இருக்கிறது, பிஸ்டன் ஒரு வாகனமா என்றது.

வழக்கு லக்சம்பர்க்கில் உள்ள நீதிமன்றத்துக்குப் போனது. பதிவு செய்த காலத்து நடைமுறைப்படி அந்தத் தலைப்பு அந்த வகுப்புப் பட்டியலில் இருந்த எல்லாப் பொருளையும் குறிக்கும், உதிரிபாகங்களையும் சேர்த்து. ஆகவே உதிரிபாகத்துக்கு அந்தப் பெயர் உண்மையாகப் பயன்பட்டதா என்று பார்த்திருக்க வேண்டும் என்று 2014-ல் தீர்ப்பு. டச்சுக்காரர்கள் அதற்கு மேலே போனார்கள். 2017 பிப்ரவரியில் ஐரோப்பிய நீதிமன்றம் அந்த மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது.

நட்டும் போல்ட்டும் விற்றது, வண்டியே செய்யாத ஒரு கம்பெனிக்கு உயிர் இருக்கிறது என்பதற்குச் சாட்சியமாக நின்றது பாருங்கள். நான் பார்த்த இருப்புநிலைக் குறிப்புகளில் 'நற்பெயர்' என்ற வரிக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைத்ததில்லை. அப்பா நாற்பத்தைந்து வருஷமாகச் சொல்வதும் இதுதான்: "ஸ்பேர் கிடைக்கற வரைக்கும் வண்டி சாகல்ல."

சரி, மேக்னட்டுக்கு வருவோம்.

நம் மெக்கானிக்குகள் மேக்னட் என்று சொல்வது, கிராங்க் முனையில் சுழலும் காந்தச் சக்கரம். பிளக்குக்கும் விளக்குக்கும் மின்சாரம் கொடுப்பது அது, இறக்கையால் எஞ்சினுக்குக் காற்றடித்துக் குளிரவைப்பதும் அது. கிராங்கின் அந்த முனை கூம்பு மாதிரி இருக்கும். சக்கரத்தின் ஓட்டையும் அதே கூம்பு. நடுவில் அரைநிலா வடிவில் ஒரு சாவி. அவ்வளவுதான். ஆனால் எல்.ஐ. வரிசையின் கூம்பு சின்னது, ஜி.பி. வரிசையின் கூம்பு பெரியது. ஒன்றின் மேக்னட் மற்றதற்குச் சேராது. வெளியே இருந்து பார்த்தால் தெரியாது, இரண்டும் ஒரே மாதிரி தட்டு.

இது எங்களுக்கு எப்படித் தெரியும் என்றால், பட்டறிவு. நான் எட்டாவது படிக்கும்போது ஒரு ஒர்க் ஷாப்பில் (எது என்று எழுதமாட்டேன், அந்த ஆள் இப்போது இல்லை) ஜி.பி.யின் மேக்னட்டை எங்கள் எல்.ஐ. வண்டியில் மாட்டிவிட்டார்கள். கூம்பு ஆடியது. அதற்கு ஒரு தகட்டை வெட்டிச் சுற்றி, நட்டை இறுக்கி அனுப்பினார்கள். ஒன்பது நாள் ஓடியது. பத்தாம் நாள் கரமனைப் பாலத்தின்மேல், பின்னால் நான், முன்னால் நின்றபடி தங்கச்சி, சாவி அறுந்து மேக்னட் சுழன்று கிராங்கின் கூம்பைக் கடித்துத் தின்றுவிட்டது. வண்டி நின்ற வேகத்தில் பின்னால் வந்த பஸ் எங்களைத் தொட்டு நின்றது. தொட்டு என்றால் நிஜமாகவே தொட்டு. அம்மாவிடம் இன்றுவரை இதை முழுசாகச் சொன்னதில்லை. அம்மா இதைப் படிக்கமாட்டாள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

அதிலிருந்து அப்பா எந்தப் பாகத்தையும் கையில் வாங்கி, திருப்பி, முத்திரை பார்க்காமல் மாட்ட விட்டதில்லை. எங்களுக்கு வாய்த்த ஆசான் (திருவனந்தபுரத்தில் நல்ல மெக்கானிக்கை அப்படித்தான் கூப்பிடுவோம்) மலையாளி. லாம்ப்ரெட்டாவின் வைத்தியமெல்லாம் நான் அவரிடம்தான் வேடிக்கை பார்த்தேன். இந்த வண்டியில் பாதி நட்டு 7 மில்லிமீட்டர் மரை, அதற்கு 11-ஆம் நம்பர் ஸ்பேனர். நம் ஹார்டுவேர் கடைகளில் 6 கிடைக்கும், 8 கிடைக்கும், 7 கிடைக்காது. கிடைக்காத கோபத்தில் 8 மரை போட்டுத் துளையைக் கெடுத்தவர்கள் ஆயிரம். பழைய லாம்ப்ரெட்டா வாங்குவதாக இருந்தால் 11-ஆம் நம்பர் ஸ்பேனரோடு போங்கள். அது எத்தனை இடத்தில் பொருந்துகிறது என்று பார்த்தாலே வண்டி பட்ட பாடு தெரிந்துவிடும்.

சக்கரம் இன்னொரு கண்டம். பத்து அங்குல வளையம் இரண்டு பாதியாகப் பிரியும். வண்டியோடு பிடிக்கும் நட்டு வேறு, இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடிக்கும் நட்டு வேறு. காற்றை இறக்காமல் இரண்டாவதைக் கழற்றினால் வளையம் மூஞ்சியில் அடிக்கும். பின்சக்கர டிரம்மும் ஒரு கூம்பின்மேல்தான் உட்காருகிறது. அதன் பெரிய நட்டு தளர்ந்தால் தெரியாது, கூம்பு தேய்ந்தபிறகுதான் தெரியும். கிராங்கிலிருந்து கிளட்ச் வரைக்கும் மூடிக்குள் ஒரு இரட்டைச் செயின், 90-ஆம் நம்பர் ஆயிலில் குளித்தபடி ஓடும். பாயிண்ட் இடைவெளி 0.35-லிருந்து 0.45 மில்லிமீட்டர். ஆசான் அதற்கு அளவுத்தகடு வைத்திருந்தார், ஆனாலும் பீடிக்கட்டின் காகிதத்தை மடித்து வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தகட்டை எடுப்பார். இரண்டும் ஒத்துப்போனால் ஒரு சிரிப்பு.

லக்னோவில் வண்டி உதிரிபாகங்களுக்கு லாட்டூஷ் ரோடு. முதல் ஞாயிற்றுக்கிழமை போனேன். விக்ரம் டெம்போவுக்கு எல்லாம் இருந்தது. லாம்ப்ரெட்டா என்றதும் நான்கு கடையில் சிரித்தார்கள், ஐந்தாவது கடையில் "சாச்சாவிடம் போங்கள்" என்று ஒரு சந்தைக் காட்டினார்கள். சாச்சாவுக்கு அப்பா வயசு இருக்கும். ஒரு மேக்னட்டை எடுத்துத் துடைத்து வைத்தார். வார்ப்பில் எஸ்.ஐ.எல். முத்திரை. கம்பெனிச் சரக்கு. எனக்கு சந்தோஷம் தாங்கவில்லை. பணத்தை எடுத்துவிட்டேன். அவர்தான் கேட்டார், என்ன வண்டி, எந்த வருஷம் என்று. பம்பாயில் செய்த எல்.ஐ. என்றேன். மேக்னட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"இது ஜி.பி.யோடது. உங்க வண்டிக்கு ஆகாது."

கரமனைப் பாலம் நினைவுக்கு வந்தது. அசல் முத்திரை இருப்பதும் நம் வண்டிக்குப் பொருந்துவதும் ஒன்றல்ல என்பதை, முப்பது வருஷத்துக்குப் பின்னும் நான் கற்கவில்லை. கையெழுத்து அசலாக இருந்தால் போதுமா, காசோலை எந்தக் கணக்கின்மேல் என்று பார்க்க வேண்டாமா என்று தினம் மற்றவர்களைக் கேட்கிறவன் நான்.

சாச்சா பாடம் நடத்தினார். வார்ப்பில் இன்னொசென்டி என்று இருந்தால் மிலான். எஸ்.ஐ.எல். என்றால் லக்னோ. ஏ.பி.ஐ. என்றால் பம்பாய். ஒன்றுமே இல்லாமல் மேலே மட்டும் பளபளவென்று இருந்தால் எந்தச் சந்திலோ வார்த்தது. கார்புரேட்டரில் டெல்லோர்ட்டோ என்றால் இத்தாலி, ஜெடெக்ஸ் என்றால் நம் நாடு. எஞ்சின் நம்பருக்கு முன்னால் உள்ள எழுத்தைப் பார்த்து எந்த வரிசை என்று முதலில் தெரிந்துகொள், பிறகு கடைக்கு வா என்றார். சிலிண்டர் எல்லாவற்றிலும் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 58 மில்லிமீட்டர்தான். விட்டம்தான் மாறும்: 150-க்கு 57, 175-க்கு 62, 200-க்கு 66. இதை அவர் விரல்விட்டுச் சொன்னபோது எங்கள் கடைத்தெருவில் கிழவர்கள் மிளகாய் ரகம் சொல்வது போலவே இருந்தது.

"வெள்ளைக்காரர்கள் வருவார்கள்" என்றார். "பழைய லக்னோ கார்களுக்கு இல்லாத மரியாதை இதற்கு. கிலோக்கணக்கில் வாங்கிப்போவார்கள். நம் ஆட்கள் கிலோக்கணக்கில் காயலான் கடைக்குப் போடுகிறார்கள்."

மூன்றாவது ஞாயிறு அவரே போன் செய்தார். ஏ.பி.ஐ. முத்திரையோடு ஒரு மேக்னட். எங்கேயிருந்து கிடைத்தது என்று சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை. வீடியோவில் அப்பாவிடம் காட்டினேன். "முத்திரை இருக்கட்டும். உள்ளே ஓட்டையைக் காட்டு" என்றார். காட்டினேன். கிராங்கின் கூம்பை அங்கே ஆசான் அளந்து சொல்ல, இங்கே சாச்சா அளவுகோலை உள்ளே விட்டுச் சொல்ல, மலையாளத்துக்கும் இந்திக்கும் நடுவில் நானும் அப்பாவும் மொழிபெயர்த்தோம். ஒத்துப்போனது. காயில் தட்டையும் சேர்த்தே வாங்கு என்று ஆசான் கத்தினார். மேக்னட்டும் தட்டும் ஜோடி, ஒன்றை மட்டும் கட்டிக்கொடுத்தால் குடித்தனம் நடக்காதாம். இரண்டுக்கும் சேர்த்து 3,400 ரூபாய். சாச்சா செய்தித்தாளில் சுற்றிக் கட்டிக்கொடுத்தார்.

நவராத்திரிக்கு லீவு போட்டு ராப்திசாகரில் ஏறினேன். பெட்டியில் துணியை விட மேக்னட் கனம். நவராத்திரி என்றால் எங்கள் தெருவுக்குக் களை. பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியோடு புறப்பட்டு வரும் வேளிமலைக் குமாரசுவாமி, அந்த நாட்களில் தங்குவது எங்கள் ஆரியசாலை தேவி கோவிலில்தான். கூட்டத்துக்கு நடுவே ஓரமாக வண்டியைச் சாய்த்து, ஆசான் குந்தியிருந்தார். அவருக்கும் கை நடுங்குகிறது இப்போது. புது அரைநிலாச் சாவியைப் பேரன் வைத்தான். மேக்னட்டை வைத்து விரலால் ஒரு சுண்டு சுண்டினார். ஆட்டமில்லை. நட்டை இறுக்கும்போது அப்பாவைப் பார்த்தார். அப்பா குனிந்து, தகடு ஏதும் வைக்கவில்லையே என்று எட்டிப் பார்த்தார். முப்பது வருஷப் பழக்கம்.

நாலாவது உதையில் பிடித்தது. புகை கோவில் வாசல் வரைக்கும் போனது. அப்பா கிள்ளிப்பாலம் வரை ஒரு சுற்றுப் போய்வந்தார். ஹெல்மெட் போடாமல் போனதற்கு அம்மாவிடம் திட்டு.

திரும்பிவந்து வண்டியை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"கிக்கர் ரெண்டு தடவ வழுக்குச்சு, பாத்தியா? அடுத்த தடவ வரும்போ அதுக்க பல்சக்கரம் ஒண்ணு பாரு. எல்.ஐ. சொல்லிக் கேளு. ஜி.பி.யைத் தூக்கிட்டு வந்துராத."